நான்காவது சுற்றில் வந்தவர்

எல்லோருக்கும் வணக்கம். விளையாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டு கிரிக்கெட் பேசப்போவதில்லை என்றால் உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். இன்றைக்கு அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து; பெரும்பாலும் கையால் எறிந்து கையால் பிடிக்கிற ஆட்டம்.

எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். நம் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பிடி மட்டும்தான். எந்தப் பக்கம் ஓடி எத்தனையாவது கஜத்தில் திரும்புவது என்பது முன்பே முடிவாகியிருக்கும். அதை ரூட் என்பார்கள். பல நேரம் ரிசீவர் திரும்புவதற்குள்ளேயே பந்து கிளம்பிவிடும், அவர் இருக்கிற இடத்துக்கு அல்ல, வந்து சேர வேண்டிய இடத்துக்கு. மறிப்பவரோ இவருடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பப்போவதைக் காட்டிக்கொடுக்காமல் முழு ஓட்டத்தைச் சட்டென்று முறிக்க வேண்டும். ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது.

பிரையன் ஹார்ட்லைன் இதில் பிழைத்தவர். ஓஹியோ மாநிலத்தின் கேன்டன் ஊர்க்காரர், ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கியெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2009 டிராஃப்டில் மியாமி டால்ஃபின்ஸ் அணி அவரை எடுத்தபோது நான்காவது சுற்று நடந்துகொண்டிருந்தது. அவருக்கு முன்னால் 107 பேர் போயிருந்தார்கள். 2012இல் அரிசோனா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பந்தைப் பிடித்து 253 கஜம் முன்னேறினார். மியாமி அணியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். ஆனால் ஆட்டம் தோல்வி! அந்த சீசனில் 1,083 கஜம் சேர்த்தவருக்கு மொத்தமே ஒரு டச் டவுன்தான், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுத்தது ஒரே முறைதான். சுவரொட்டியில் ஏறுகிற நட்சத்திரம் இல்லை, சரியான இடத்தில் சரியான நேரத்தில் இருக்கிற ஆள்.

கிளீவ்லாந்து அணியில் 2015இல் கடைசியாக ஆடினார். 2017இல், முப்பது வயதில், படித்த பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். கோச்சாக அல்ல. குவாலிட்டி கன்ட்ரோல் என்றொரு வேலை. வீடியோ பார்ப்பது, குறிப்பெடுப்பது, எதிரணியை அலசுவது. களத்தில் இறங்கிப் பயிற்சி கொடுக்க அந்த வேலையில் இருப்பவருக்கு அப்போது அனுமதி கிடையாது. சில ஆண்டுகள் முன்னால் 30 மில்லியன் டாலருக்கு மேலான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் இவர்! எனக்கு இவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். 2018இல் ரிசீவர் கோச் இடம் திடீரென்று காலியாக, தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். அப்புறம் அதுவே நிரந்தரமானது.

இங்கே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். எனக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். விடை அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் வந்துவிடும். எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்னொருவர் தட்டுத் தடுமாறிப் படித்தவர். நாங்கள் எங்கே தடுக்கி விழுவோம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஹார்ட்லைன் இரண்டாமவர் ஜாதி என்பது என் எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். 2022 டிராஃப்டின் முதல் சுற்றில் அவருடைய மாணவர்கள் கேரட் வில்சனும் கிறிஸ் ஓலாவேயும் அடுத்தடுத்து, 10ஆவதும் 11ஆவதும். 2023இல் ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா. 2024இல் அந்த ஆண்டு டிராஃப்டிலேயே நான்காவது ஆளாக மார்வின் ஹாரிசன் ஜூனியர். 2025இல் எமேகா எக்புகா. நான்கே ஆண்டுகளில் முதல் சுற்றுக்கு ஐந்து ரிசீவர்கள்! இவர்களில் ஹாரிசனின் அப்பா அதே ஆட்டத்தில் ரிசீவராக ஆடி, தலைசிறந்த ஆட்டக்காரர்களின் பெயர் பொறிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். வீட்டிலேயே அப்படியொரு வாத்தியார் இருந்தும், நான்காவது சுற்றுக்காரரிடம் பிள்ளை பாடம் கேட்டான்.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்காதீர்கள். 2023இல் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் பதவி கிடைத்தது, பந்து நம் கையில் இருக்கும்போது அணி ஆடுவதைத் திட்டமிடுகிற வேலை. 2024இல் அனுபவசாலியான சிப் கெல்லி வந்ததும் இணைப் பதவிக்கு இறங்கினார். அந்த சீசனில்தான் ஓஹியோ ஸ்டேட் அணி நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தை 34-23 என்று வென்று கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பையை எடுத்தது. கெல்லி போன பிறகு பொறுப்பு மறுபடி இவர் கைக்கு வந்தது.

2025 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டாம்பாவில் உள்ள தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அவரைத் தலைமை கோச்சாக அறிவித்தது. இனி நூறு பேருக்கு மேல் கட்டிமேய்க்க வேண்டும். ரிசீவர்கள் உட்காரும் சின்ன அறைக்குள் தினமும் போகப்போவது வேறொருவர்.