நினைவுக்குக் கூரை உண்டா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலின் பெருமை நிற்பது கட்டடத்திலா, நினைவிலா? இதுதான் கேள்வி. நான் நினைவு அணி. எதிரணி நண்பர் சிசோம் போட்ட வரைபடம், நம்பெருமாள் செட்டியார் எழுப்பிய சுவர், கோபுரத்து மேலே திருவிதாங்கூர்ப் பாணிக் கூரை என்று ஒவ்வொரு செங்கல்லாக எண்ணிவிட்டுப் போனார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "மழை வந்தால் நினைவுக்குள் ஒதுங்க முடியுமா? நினைவுக்குக் கூரை உண்டா?" என்று ஒரு போடு போட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்!

ஐயா, கூரை இருந்ததே, அந்தக் கூரைக்குக் கீழே யாரை உட்கார வைத்தீர்கள்? சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்டடம் அது. ரயில் விட்டு இறங்கிய லட்சம் பேர் அதைத் தாண்டிப் போனார்கள். ரிப்பன் மாளிகை தெரியும், பக்கத்தில் இருக்கிற சிவப்புக் கட்டடம் என்ன ஆபீஸ் என்று தெரியாது! அப்புறம் மாநகராட்சி அதைச் சீரமைக்க இறங்கியதே, எதற்கு? செங்கல் போய் மனு கொடுத்ததா? இங்கே நாடகம் நடந்தது, விவேகானந்தர் பேசினார், 1890களில் சென்னை சினிமா பார்த்தது என்று நாலு பேர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உங்கள் கூரைக்கே கூரை போட்டது எங்கள் நினைவு ஐயா!

சரி, ஒரு கதை சொல்கிறேன். கதை இல்லை, நடந்தது.

1891. பதினெட்டு வயசுப் பையன் ஒருவர். தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு முகம் சுளிக்கும். நாடகமாவது, கூத்தாவது! படித்த பிள்ளை பார்க்கிற சமாசாரமா அது? அந்தப் பையன் இந்த ஹாலுக்குப் போகிறார். இப்போது கர்நாடகத்தில் இருக்கிற பல்லாரியிலிருந்து ஒரு குழு வந்து தெலுங்கு நாடகம் போடுகிறது. கவனியுங்கள், சென்னையில், தெலுங்கில், பல்லாரிக்காரர்கள்! திரை தூக்குகிறார்கள். மேடையில் வேஷம் கட்டி நிற்கிறவர் யார்? கிருஷ்ணமாசார்லு. தொழில்? வக்கீல்! கோர்ட்டில் கறுப்பு கவுன் போடுகிறவர் இங்கே முகத்துக்கு அரிதாரம் பூசி நிற்கிறார். பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வக்கீலே ஆடலாம் என்றால் நாம் ஏன் ஆடக்கூடாது?

முகம் சுளித்த அந்தப் பையன் அதே வருஷம் ஜூலை முதல் தேதி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பம்மல் சம்பந்த முதலியார்! பிறகு அவரும் வக்கீலானார், நீதிபதியும் ஆனார், ஆடுவதை மட்டும் விடவில்லை. பகலில் தீர்ப்பு, ராத்திரி வேஷம். நடுவர் அவர்களே, உங்களைச் சொல்லவில்லை.

இப்போது எதிரணியைக் கேட்கிறேன். அந்த ராத்திரி அதே கூரைக்குக் கீழே எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்! எல்லோருமா சபை தொடங்கினார்கள்? கட்டடம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருவர் மட்டும் வீட்டுக்கு எதையோ எடுத்துக்கொண்டு போனார். இந்தக் கதை நமக்கு எப்படித் தெரியும்? சுவரா சொன்னது? முதலியாரே உட்கார்ந்து நினைவுகளாக எழுதிவைத்தார். இன்னொன்று, அந்த ஹால் நிற்கிற நிலம் 99 வருஷக் குத்தகைக்கு, கிரவுண்டுக்கு எட்டணா வாடகையில் வாங்கியது. நிலத்துக்குக் குத்தகை முடியும். நினைவுக்கு எந்தத் தாசில்தார் நோட்டீஸ் அனுப்புவார்?

விளையாட்டு போதும். ரங்கவடிவேலு என்று ஒருவர் இருந்தார். எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? முதலியார் கதாநாயகன் என்றால் ரங்கவடிவேலுதான் கதாநாயகி. ஆண்கள் பெண் வேஷம் கட்டிய காலம். புடவை கட்டி, கொண்டை போட்டு அந்த மேடையில் அழுதிருக்கிறார், சபையை அழ வைத்திருக்கிறார். அவர் குரலை நாம் யாரும் கேட்டதில்லை. முதலியாருக்கு வெகு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சிநேகிதனைப் பற்றி முதலியார் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள் ஐயா, படித்துவிட்டு வந்து என்னிடம் செங்கல்லைப் பற்றிப் பேசுங்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். எதிரணி நண்பரே, உங்களுக்கு என் மேல் கோபம் வேண்டாம். அந்த ஹாலில் ஒரு நாடகம் போட்டால் முதல் வரிசையில் நானே உங்களுக்கு இடம் பிடித்துத் தருகிறேன். பக்கத்து நாற்காலியில் மட்டும் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள், யார் கேட்டாலும் ரங்கவடிவேலு வருகிறார் என்று சொல்லுங்கள். நன்றி.