முயலின் குரலும் காற்றின் திசையும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் டெக்சாஸ், ஒக்லஹோமா, வயோமிங் மாதிரியான மாநிலங்களில் டிசம்பர் பிறந்ததும் சின்ன ஊர்களின் துப்பாக்கிக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். கயோட்டி அழைக்கும் போட்டி, அணிக்கு இரண்டு பேர், வெள்ளிக்கிழமை மாலை பதிவு, நுழைவுக் கட்டணம் இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அங்கே குடியிருக்கும் நம்மவர்களை, கூட வேலை பார்க்கும் ஒருவர் "நீயும் வாயேன்" என்று கூப்பிடக்கூடும். முதல் தடவை போகிறவருக்கு அங்கே என்ன நடக்கும், எங்கே தவறும் என்பதுதான் இன்றைய பேச்சு.

கயோட்டி நாய்ச் சாதி. நம் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் நிற்கும் உருவம். மேற்கு மாநிலங்களில் 9 முதல் 16 கிலோ வரை இருக்கும். வேட்டைக்காரர் அதைத் தேடிப் போவதில்லை, அதுதான் அவரைத் தேடி வர வேண்டும். அடிபட்ட முயல் கதறுவதுபோல ஒரு குரலைக் கொடுத்தால், இரை கிடைத்தது என்று கயோட்டி ஓடி வரும். இந்த வித்தை நமக்குப் புதிதில்லை. நரிக்குறவர்கள் நரியைப் போலவே ஊளையிட்டு நரியை வரவழைத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எந்தக் கருவியும் கிடையாது, தொண்டை ஒன்றுதான். அந்தக் காது, அந்தப் பொறுமை, அதுதான் இங்கேயும் வேண்டும்.

டெக்சாஸில் பர்ன்ஹாம் சகோதரர்கள் 1950களில் இப்படிக் குரல் கொடுக்கும் ஊதல்களைச் செய்து ஊர் ஊராக விற்றார்கள். பிறகு அதே மாநிலத்து வேக்கோ நகரிலிருந்து ஜானி ஸ்டூவர்ட் என்பவர், உண்மையான விலங்குகளின் குரலையே இசைத்தட்டில் பதிந்து விற்றார். இன்று அது ரிமோட்டில் இயங்கும் ஒலிபெருக்கியாக வந்து நிற்கிறது.

ஊதலில் முக்கியமாக இரண்டு வகை. நாயனத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி இதற்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அது மூடிய குழலுக்குள் இருந்தால் யார் ஊதினாலும் ஒரே சுருதிதான் வரும். புதியவருக்கு அது போதும். நாக்கு வெளியே தெரியும் வகையில் பல்லால் கடிக்கும் இடத்தை மாற்ற மாற்ற முயல், குட்டி, ஊளை எல்லாம் வரும். ஆனால் பழக மாதக்கணக்கில் ஆகும். கடுங்குளிரில் ஊதும்போது எச்சில் அந்தப் பிளாஸ்டிக் நாக்கில் உறைந்து ஊதல் ஊமையாகிவிடும். அதனால் அதைச் சட்டைக்குள் மார்போடு ஒட்டி வைத்திருப்பார்கள். ரிமோட்டின் பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியையும் உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்டாண்ட். ஓர் இடத்தில் உட்கார்ந்து அழைத்து, முடித்துவிட்டு எழுந்து போவது வரை ஒரு ஸ்டாண்ட். போட்டியே இந்த எண்ணிக்கையில்தான் நடக்கிறது. உட்கார 15 நிமிடம், அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர இன்னொரு 15 நிமிடம் என்றால் அரைமணிக்கு ஒன்று. குளிர்காலப் பகல் சுமார் 10 மணி நேரம். கணக்குப்படி 20 வரும். கேட் திறந்து மூட, நடக்க, வண்டி சேற்றில் சிக்க என்று கழித்தால் 12, 13 ஸ்டாண்ட் ஓடினாலே நன்றாக ஓடிய நாள். அதில் பலவற்றில் ஒன்றுமே வராது. வராத இடத்தில் 40 நிமிடம் உட்கார்ந்திருப்பதுதான் புதியவர் செய்யும் முதல் தப்பு. பாப்கேட் என்னும் காட்டுப்பூனையை அழைப்பதானால் கதை வேறு. அது பூனை. அடிமேல் அடி வைத்து, நின்று, உட்கார்ந்து, பார்த்து வரும், அதற்கு அரைமணிக்கு மேல் கொடுக்க வேண்டும். மேற்கு டெக்சாஸில் சான் ஆஞ்செலோவை மையமாக வைத்து நடக்கும் பெரிய போட்டியில் எடை அதிகமான பாப்கேட்டுக்குத்தான் பெரிய பரிசு. கயோட்டி எண்ணிக்கைதான் கணக்கு என்றால் 15 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

இப்போது காற்று. நேரம் கொஞ்சம் கூடப் போனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. அழைக்கும் வேட்டையில் பாதிக்கு மேல் காற்றுதான். மூவாயிரம் டாலர் துப்பாக்கி வாங்கினாலும் காற்றைத் தப்பாகப் பிடித்தால் ஒரு வாலைக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

நம் தெருநாயைக் கவனியுங்கள். புதிதாக ஒரு பொருள் கிடந்தால் நேராக வந்து கடிக்காது. சுற்றி வந்து, காற்று அந்தப் பொருளிலிருந்து தன் மூக்குக்கு வரும் பக்கம் நின்று மோந்து பார்க்கும். கயோட்டியும் அதைத்தான் செய்கிறது. முயல் குரல் கேட்ட இடத்துக்கு நேராக ஓடி வரும், ஆனால் கடைசி நூறு இருநூறு கஜத்தில் வளைந்து, காற்று போகும் பக்கமாகச் சுற்றும். கண் ஏமாறும், காது ஏமாறும், அதன் மூக்கு ஏமாறாது. மனித வாடை ஒரு முறை பட்டதென்றால் அத்தோடு போயிற்று. அந்தக் குரலையும் அது நினைவில் வைத்திருக்கும்.

வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளுங்கள். காற்று உங்கள் இடது கையிலிருந்து வலது கைக்கு வீசுகிறது. ஒலிபெருக்கியை இடது கைப் பக்கம், கொஞ்சம் முன்னால், சுமார் 40 கஜம் தள்ளி வையுங்கள். கயோட்டி எதிரிலிருந்து வருகிறது. ஒலிபெருக்கியின் வாடையைப் பிடிக்க அது எங்கே வளையும்? காற்று போகும் பக்கம், அதாவது உங்கள் வலதுபக்கம் நோக்கி. அப்படி வளையும்போது அது உங்கள் மூக்குக்கு நேர் எதிரே வருகிறது. உங்கள் வாடையோ வலது கைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வாடைக்குள் அது நுழைவதற்கு முன்னால் உங்களுக்குச் சில விநாடிகள் கிடைக்கும். ஏற்பாடு முழுவதும் அந்தச் சில விநாடிக்காகத்தான். கூட்டாளி வலதுபக்கம் 30 கஜம் தள்ளி ஷாட்கன்னோடு உட்காருவார், சுற்றி வந்துவிட்டதை அவர் பார்த்துக்கொள்வார். உங்களிடம் ரைஃபிள் இருக்கும். .223, .22-250, .243 ஆகிய தோட்டா வகைகள்தான் அதிகம் புழங்குபவை.

இதில் ஓர் எச்சரிக்கை. உட்காருவதற்கு முன்னாலேயே, எந்த மரத்திலிருந்து எந்தப் புதர் வரைக்கும் யார் சுடுவது என்று கையால் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். விலங்கு அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் விட்டுவிட வேண்டும். கூட்டாளி பக்கம் குழாய் திரும்பவே கூடாது. பரிசு வேகத்தில் மறந்துபோகக் கூடாத ஒன்று இது.

காற்று எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? முகத்தில் படுவதை நம்பாதீர்கள். சிலர் டால்கம் பவுடரைச் சின்னப் புட்டியில் அடைத்துப் பீய்ச்சிப் பார்ப்பார்கள். அதைவிட நல்லது ஒன்று உண்டு. நம் எருக்கின் உறவுச் செடி அங்கே வளர்கிறது. அதன் காயும் எருக்கங்காய் போலவே வெடித்துப் பஞ்சு பறக்கும். அந்தப் பஞ்சில் ஓர் இழையை விட்டால் நூறு கஜம் வரை கண்ணுக்குத் தெரியும். பவுடர் பத்தடியில் மறைந்துவிடும். பஞ்சுதான் பள்ளத்துக்குள் காற்று திரும்புவதைக் காட்டும். மலைச்சரிவில் விடியற்காலைக் குளிர்காற்று கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேலே போகும். காலையில் சரியாக இருந்த இடம் பத்து மணிக்குத் தப்பான இடமாகிவிடும். காற்று மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் குரலும் தூரம் போகாது, விலங்கும் நம்பி வராது.

காற்றுக்கு அடுத்தது, போய் உட்காரும் விதம். வண்டியை மேட்டுக்குப் பின்னால் மறைத்து நிறுத்துங்கள். கதவை அறையாதீர்கள், அழுத்தி மூடுங்கள். மேட்டு உச்சியில் நடந்தால் வானத்தின் பின்னணியில் ஆள் அரை மைலுக்குத் தெரியும், சரிவோடு நடங்கள். முதுகுக்குப் பின்னால் புதர் இருக்கட்டும், நிழலில் இருங்கள், முடிந்தால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். முதல் ஒரு நிமிடம் சத்தமே வேண்டாம். பிறகு மெல்லிய ஒலியில் தொடங்குங்கள். பக்கத்துப் புதரிலேயே ஒன்று படுத்திருக்கலாம், எடுத்த எடுப்பில் அலறவிட்டால் அது ஓடும். அரை நிமிடம் முயல் கதறல், அரை நிமிடம் மௌனம் என்று மாற்றிக்கொண்டே ஒலியைக் கூட்டுங்கள். ஜனவரி, பிப்ரவரி இணை சேரும் காலம். அப்போது முதலில் ஒற்றை ஊளை விட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருப்பது நல்லது. கடைசி இரண்டு நிமிடம் கயோட்டிக் குட்டியின் வலிக்குரல். முயலுக்கு வராததுகூட அதற்கு வரும். ஓடி வரும் கயோட்டியை நிறுத்த வாயால் ஒரு சின்னக் குரைப்பு போதும். சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். இந்த மாதங்களில் அவை ஜோடியாகத் திரியும். உடனே குட்டியின் குரலைப் போட்டால் மற்றது திரும்பி வரக்கூடும்.

முந்தைய இரவு வேலையும் உண்டு. ஊருக்கு வெளியே மண்சாலையில் மைலுக்கு ஓர் இடத்தில் நிறுத்தி, ஊளை விட்டுக் கேட்பார்கள். பதில் வந்த திசையை வரைபடத்தில் குறிப்பார்கள், அன்றிரவே அங்கே அழைக்க மாட்டார்கள். இரண்டு கயோட்டி ஊளையிட்டால் பத்து இருப்பதுபோல் கேட்கும், எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கியது காலையில் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

சரி, போட்டி விதிகளுக்கு வருகிறேன். நுழைவுக் கட்டணம் சேர்ந்து பரிசாகும். அதோடு பெரிய கயோட்டி, சின்ன கயோட்டி என்று தனித்தனிப் பந்தயப் பணம் உண்டு. சில இடங்களில் அணிகளையே ஏலம் விடுவார்கள். அதற்குப் பெயர் 'கல்கத்தா', வெள்ளைக்காரர் காலத்தில் நம் கல்கத்தாவிலிருந்து போன பெயர்தான். பணம் என்றதும் ஏமாற்றும் வந்தது. முந்தைய வாரம் சுட்டு உறையப்போட்டதைக் கொண்டுவருவது, பொறியில் பிடித்ததைக் கொண்டுவருவது, அடுத்தவரிடம் வாங்குவது எல்லாம் நடந்தது. அதனால்தான் இவ்வளவு காவல். சுட்டவுடன் விலங்கின் வாயில், போட்டி நடத்துபவர்கள் கொடுத்த எண்ணிட்ட மரக்கட்டையை வைக்க வேண்டும். உடல் விறைக்கும்போது தாடை முதலிலேயே இறுகிவிடும், ஏற்கெனவே விறைத்த வாயில் கட்டையைத் திணிக்க முடியாது. பல போட்டிகளில் நேரம் தெரியும்படி வீடியோவும் கேட்பார்கள். வந்ததும் விறைப்பும் உடல்சூடும் பார்ப்பார்கள். ஜெயித்த அணியைப் பொய் கண்டறியும் கருவிச் சோதனைக்கு உட்காரவைப்பதும் சாதாரணம். தொடும்போது கையுறை அவசியம். உண்ணியும் சொறியும் ஒட்டிக்கொண்டு வரும். திரும்பும் நேரத்தைத் தாண்டி ஒரு நிமிடம் ஆனாலும் அணி வெளியே, அதனால் கடைசி ஸ்டாண்டை ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். "கால்நடைக்காரர்களுக்கு உதவுகிறோம், கயோட்டியைக் குறைக்கிறோம்" என்று பேசிக்கொள்வார்கள். ஆட்டுக்குட்டி போடும் இடத்தில் தொல்லை தரும் ஒன்றிரண்டைச் சுட்டால் அந்தப் பண்ணைக்குச் சில நாள் நிம்மதி, அது உண்மை. ஆனால் ஒரு வார இறுதிப் போட்டி கயோட்டித் தொகையைக் குறைக்காது. கொனோலி, லாங்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1975-ல் போட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு முக்கால் பங்கைக் கொன்றாலும் முழுதாக ஒழிக்க ஐம்பது ஆண்டுக்கு மேலாகும். இடம் காலியானால் இளசுகள் வந்து நிரப்பும். போட்டிக்குப் போகிறவர் போட்டிக்குப் போகிறேன் என்று சொல்லட்டும், அதுதான் நேர்மை.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதற்கென்று அதிக நேரம் வைத்திருந்தேன். கலிபோர்னியா 2014-லேயே பரிசுப் போட்டியைத் தடை செய்தது. வெர்மான்ட் 2018, நியூ மெக்சிகோ, அரிசோனா, மாசசூசெட்ஸ் 2019, கொலராடோ, வாஷிங்டன் 2020, மேரிலாந்து 2021, ஓரிகனும் நியூ யார்க்கும் 2023. வயோமிங்கில் கயோட்டிக்கு உரிமமே தேவையில்லை, டெக்சாஸில் உரிமம் தேவை. அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையில் பாதுகாக்கப்பட்ட மெக்சிகோ ஓநாய் இருக்கிறது. கயோட்டியைவிடக் காது சின்னது, முகம் அகலம், எடை இரண்டு மடங்கு. சந்தேகம் வந்தால் துப்பாக்கி விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். இந்தியாவில் நரியும் ஓநாயும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கட்டணம் கட்டுவதற்கு முன்னால் அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வணக்கம்.