புஷ் பண்ணா ரிஜெக்டட்னு வருது, ஃபோர்ஸ் போடலாமா? – கிட் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கங்க. கிட்ங்கறது ப்ரோக்ராம் ஃபைல்கள்ல வர்ற மாற்றங்களை வரலாறா சேர்த்து வெக்கிற கருவி. ஒரு மாற்றத்தைப் பதிவு பண்றது கமிட், அதைச் சர்வருக்கு ஏத்தறது புஷ், அங்க இருந்து இறக்கிச் சேர்க்கறது புல், சர்வர் தடுத்தாலும் மீறி ஏத்தறது ஃபோர்ஸ். இன்னிக்கு எடுத்துக்கற கேள்வி சேலத்துல இருந்து வந்திருக்கு. அப்படியே படிக்கிறேன். "நானும் என் நண்பரும் சேர்ந்து செவ்வாப்பேட்டையில ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கூலிக் கணக்கு ப்ரோக்ராம் எழுதிட்டு இருக்கோம். நண்பர் வீடு ஏற்காட்டுல. மழை பிடிச்சா அங்க நெட் போயிடும். கமிட் பண்ணிட்டேன்னு அவர் போன்ல சொல்றார், நான் இங்க புல் அடிச்சா ஒண்ணும் வரல. அதுக்குள்ள நான் என் வேலையை புஷ் பண்ணிட்டா, அவர் புஷ் பண்ணும்போது ரிஜெக்டட்னு வருது. ஃபோர்ஸ் போட்டா சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க. போடலாமா?"

போடாதீங்க. ஃபோர்ஸ் போட்டா அந்த ரிஜெக்டட் போயிடும், கூடவே நீங்க ஏத்தி வெச்ச வேலையும் சர்வர் பிராஞ்ச்ல, அதாவது அங்க இருக்கிற கமிட் வரிசையில இருந்து போயிடும். ஏன்னு புரியணும்னா முதல் பாதியில இருந்து வரணும்: அவர் கமிட் பண்ணது உங்களுக்கு ஏன் வரல?

கமிட்ங்கறது முழுக்க முழுக்க அவரோட லேப்டாப்புக்குள்ளேயே நடக்கிற வேலைங்க. சப்வெர்ஷன் மாதிரி பழைய முறைகள்ல கமிட் பண்ணாலே சர்வருக்குப் போயிடும், நெட் இல்லைன்னா கமிட்டே கிடையாது. கிட் அப்படி இல்லை. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியான கெர்னலை எழுதுறவங்க உலகம் பூரா இருக்காங்க. அவங்க அதுவரைக்கும் வெச்சிருந்த பிட்கீப்பர்ங்கற இதே மாதிரி கருவியோட இலவச உரிமம் 2005-ல நின்னு போச்சு. அந்த வருஷம் ஏப்ரல்ல லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத ஆரம்பிச்சார், ஜூன்ல வந்த கெர்னல் 2.6.12 கிட்ல வெச்சு வெளியானது. மெர்க்யூரியல்ங்கற இன்னொரு கருவியும் அதே ஏப்ரல்லதான் பொறந்தது. ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: ஒவ்வொருத்தர் மெஷின்லயும் முழு வரலாறும் இருக்கணும். நீங்க க்ளோன் பண்ணும்போது, அதாவது சர்வர்ல இருக்கிறதை முதல் தடவை உங்க மெஷினுக்கு நகல் எடுக்கும்போது, கடைசி ஃபைல்களை மட்டும் எடுக்கலை, முதல் கமிட்ல இருந்து மொத்தத்தையும் எடுக்கறீங்க. அதனால ஆட், கமிட், லாக், டிஃப், பிராஞ்ச், மெர்ஜ் எதுக்கும் நெட் வேண்டாம். தினசரி வேலையில நெட் கேக்கறது க்ளோன், ஃபெட்ச், புல், புஷ், இந்த நாலுதான். உங்க நண்பர் மலை மேல மழைக்குள்ள உக்காந்து பத்து கமிட் பண்ணலாம், தப்பே இல்லை. புஷ் பண்ற வரைக்கும் அது உங்களுக்கு வராது, அவ்வளவுதான்.

இப்ப ஒரு மாற்றம் எந்தெந்த இடத்துல இருக்கலாம்னு பாருங்க. எடிட்டர்ல சேவ் பண்ணா ஃபோல்டர்ல இருக்கு. கிட் ஆட் போட்டா இண்டெக்ஸ்ல, அதாவது அடுத்த கமிட்டுக்குத் தயாரா இருக்கு. கமிட் பண்ணா உங்க மெஷின்ல கிட் வரலாறை வெச்சிருக்கிற ரெப்போவுல இருக்கு. புஷ் பண்ணா சர்வர்ல இருக்கு. ஆட் பண்றப்ப ஒண்ணு கவனிங்க: அந்த நேரத்துல ஃபைல்ல என்ன இருந்ததோ அதுதான் இண்டெக்ஸுக்குப் போகும். ஆட் போட்டுட்டு மறுபடி ஒரு வரி திருத்தினா, அந்தத் திருத்தம் கமிட்ல வராது, திரும்ப ஆட் போடணும். சும்மா கிட் டிஃப் அடிச்சா இன்னும் ஆட் பண்ணாதது தெரியும். கிட் டிஃப் போட்டு ரெண்டு ஹைஃபன் ஸ்டேஜ்டுன்னு சேர்த்தா கமிட்ல போகப் போறது தெரியும். கமிட்டுக்கு முன்னாடி இந்த ரெண்டாவதை ஒரு தடவை அடிச்சுப் படிச்சுடுங்க. கமிட்ல ஹைஃபன் ஏ போடறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், புதுசா உருவாக்கின ஃபைலை அது சேர்க்காது, ஏற்கெனவே கிட்டுக்குத் தெரிஞ்ச ஃபைலை மட்டும்தான் சேர்க்கும்.

நிறைய பேர் கவனிக்காத இன்னொரு இடம் இருக்கு, உங்க குழப்பத்துக்கு அதுதான் வேர். ஆரிஜின் ஸ்லாஷ் மெயின். ஆரிஜின்ங்கறது சர்வருக்குக் கிட் வெக்கிற பேர், மெயின்ங்கறது முதன்மை பிராஞ்ச். ஆனா ரெண்டும் சேர்ந்த இது சர்வர் கிடையாதுங்க. கடைசியா நீங்க சர்வரோட பேசினப்ப அங்க மெயின் எந்தக் கமிட்ல இருந்ததுங்கறதை உங்க மெஷின் குறிச்சு வெச்சிருக்கிற குறிப்பு. கிட் ஸ்டேட்டஸ் அடிச்சா, உங்க பிராஞ்ச் ஆரிஜின் மெயினோட அப் டு டேட்டா இருக்குன்னு வருது இல்லைங்களா, அது இந்தக் குறிப்போட ஒப்பிட்டுச் சொல்றதுதான். ஸ்டேட்டஸ் நெட்டைத் தொடவே தொடாது. ஏற்காட்டுல ரெண்டு நாளா டவர் இல்லாம இருந்தாலும் அப் டு டேட்னுதான் காட்டும். அதை நம்பி எழுதிட்டே போய் புஷ் பண்ணும்போது சர்வர் நிறுத்திடுது. சர்வர்ல இருக்கிற புது கமிட்டுகளை இறக்கி இந்தக் குறிப்பைப் புதுப்பிக்கத்தான் கிட் ஃபெட்ச். ஃபெட்ச் உங்க ஃபைல் எதையும் மாத்தாது, உங்க பிராஞ்சையும் நகர்த்தாது. நெட் கிடைச்ச உடனே முதல் வேலையா ஃபெட்ச் அடிக்கலாம், ஒரு ஆபத்தும் இல்லை.

சரி, ரிஜெக்டட். உங்க நண்பர் வெச்சிருக்கிற வரலாறுல நீங்க ஏத்தின கமிட் இல்லை. அவரோடதை அப்படியே ஏத்துக்கிட்டா உங்க கமிட்டை மெயின்ல இருந்து கழட்டணும், அதனால சர்வர் மாட்டேங்குது. உங்க வேலையைக் காப்பாத்தற தடுப்பு அது. அவர் செய்ய வேண்டியது இதுதான். முதல்ல கிட் ஃபெட்ச். அப்புறம் கிட் லாக் அடிச்சு, மெயின், ரெண்டு புள்ளி, ஆரிஜின் ஸ்லாஷ் மெயின்னு இடைவெளி விடாம போட்டா, உங்ககிட்ட இருந்து வந்து அவர்கிட்ட இல்லாத கமிட்டுகள் தெரியும். திருப்பிப் போட்டா, அதாவது ஆரிஜின் ஸ்லாஷ் மெயின், ரெண்டு புள்ளி, மெயின்னு போட்டா, அவர்கிட்ட மட்டும் இருக்கிறது தெரியும். ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் சேருங்க. கிட் புல்ங்கறது ஃபெட்ச்சும் மெர்ஜும் சேர்ந்தது. பார்க்காமலே சேர்த்துடும்ங்கறதால, பழகற காலத்துல ரெண்டையும் தனித்தனியா அடிக்கறது நல்லதுன்னு நான் சொல்லுவேன். 2021-ல வந்த 2.33 பதிப்புல இருந்து, வரலாறு ரெண்டா பிரிஞ்சிருந்தா வெறும் புல் நின்னுடும், மெர்ஜா ரீபேஸான்னு உங்களைச் சொல்லச் சொல்லும்.

மெர்ஜ் பண்ணா ரெண்டு வரலாறும் அப்படியே இருந்து ஒரு புது கமிட்ல சேரும். ரீபேஸ் பண்ணா அவரோட கமிட்டுகளை எடுத்து உங்க கமிட்டுக்கு மேல ஒவ்வொண்ணா திரும்ப எழுதும், ஒவ்வொரு கமிட்டோட அடையாள எண்ணான ஹேஷ் எல்லாம் மாறிடும். இன்னும் புஷ் பண்ணாத கமிட்டை ரீபேஸ் பண்றதுல பிரச்சினை இல்லை, லாகும் நேர்கோடா படிக்க நல்லா இருக்கும். ஏற்கெனவே புஷ் பண்ணதை ரீபேஸ் பண்ணக் கூடாது. அடுத்தவர்கிட்ட பழைய ஹேஷ் இருக்கும், ஒரே மாற்றம் ரெண்டு தடவை வந்து நிக்கும்.

இப்ப கான்ஃப்ளிக்ட், அதாவது ரெண்டு பேர் மாற்றமும் மோதறது. உங்க ப்ரோக்ராம்ல சேதாரம்னு ஒரு வரி இருக்குன்னு வைங்க. நீங்க அதை 3-ன்னு மாத்தினீங்க, அவர் அதே வரியை 4-ன்னு மாத்தினார். எது சரின்னு பட்டறைக்காரருக்குத்தான் தெரியும், கிட்டுக்குத் தெரியாது. அதனால ஃபைலுக்குள்ளேயே ரெண்டையும் எழுதி வெச்சிடும். இடப்பக்கம் பாக்கிற அம்புக்குறி ஏழு, பக்கத்துல ஹெட், அதாவது கிட் இப்ப நிக்கிற கமிட். அதுக்குக் கீழ ஒரு 4 இல்லைன்னா 3. அப்புறம் சமக்குறி ஏழு. அதுக்குக் கீழ இன்னொண்ணு. கடைசியா வலப்பக்கம் பாக்கிற அம்புக்குறி ஏழு. மெர்ஜ் பண்றப்ப மேல, ஹெட் பக்கம் இருக்கிறது மெர்ஜ் பண்றவரோடது. ரீபேஸ்ல இது தலைகீழ். உங்க நண்பர் ரீபேஸ் பண்ணா, மேல ஹெட்ல இருக்கிற 3 உங்களோடது, கீழ இருக்கிற 4 அவரோடது. ஏன்னா ரீபேஸ் முதல்ல சர்வர்ல இருக்கிற உங்க கமிட்ல போய் நின்னுக்கிட்டு, அவரோடதை மேல வைக்குது. இது தெரியாம, எடிட்டர் காட்டற பட்டனை அழுத்தி தன்னோட வேலையைத் தானே தூக்கிடறவங்க நிறைய. பட்டனை விட்டுட்டு வரியைப் படிங்க. போன்ல பேசி எந்த எண்ணுன்னு முடிவு பண்ணி, அந்த ஒரு வரியை வெச்சுட்டு, குறி இருக்கிற மூணு வரியையும் அழிங்க. கிட் டிஃப்ல ரெண்டு ஹைஃபன் செக் போட்டா, மிச்சம் விட்ட குறி இருந்தா காட்டிக் கொடுத்துடும். அப்புறம் ஆட். மெர்ஜ்னா கமிட், ரீபேஸ்னா கிட் ரீபேஸ் ரெண்டு ஹைஃபன் கன்டினியூ. குழம்பிட்டா ரெண்டு ஹைஃபன் அபார்ட் போடுங்க, ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பிடும்.

கான்ஃப்ளிக்ட் வரலைன்னா எல்லாம் சரின்னும் நினைச்சுடாதீங்க. நீங்க ஒரு ஃபைல்ல ஃபங்ஷன் பேரை மாத்தி, அவர் வேற ஃபைல்ல பழைய பேரைக் கூப்பிட்டிருந்தா, கிட் சத்தமில்லாம சேர்த்துடும், ப்ரோக்ராம் உடைஞ்சிருக்கும். சேர்த்ததும் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் புஷ்.

ஏற்கெனவே யாராவது ஃபோர்ஸ் போட்டுட்டா? பயப்பட வேண்டாம். சர்வர்ல மெயின் நகர்ந்திருக்கும், ஆனா உங்க கமிட் உங்க மெஷின்ல இருக்கு. நீங்க அதுக்கப்புறம், பிராஞ்சையும் ஃபைல்களையும் வேற கமிட்டுக்கு மாத்தி வைக்கிற ஹார்டு ரீசெட் போட்டிருந்தாக்கூட கிட் ரீஃப்லாக் அடிச்சா ஹெட் நின்ன இடமெல்லாம் வரிசையா வரும். வேணுங்கற ஹேஷைப் பார்த்து, கிட் பிராஞ்ச், மீட்புன்னு ஒரு பேர், அந்த ஹேஷ். கிடைச்சிடும். எந்தப் பிராஞ்ச்லயும் ஒட்டாம நிக்கிற கமிட்டுக்கு ரீஃப்லாக் வழக்கமா 30 நாள் வரைக்கும் வெச்சிருக்கும். இது உங்க மெஷினோட குறிப்புங்கறதால புதுசா க்ளோன் பண்ண ஃபோல்டர்ல தேடினா இருக்காது. பழைய ஃபோல்டரை அவசரப்பட்டு அழிச்சுடாதீங்க. கமிட்டும் பண்ணாம ஆட்டும் பண்ணாம இருந்த மாற்றத்து மேல ஹார்டு ரீசெட் போட்டா மட்டும் கிட்டால திருப்பித் தர முடியாது.

நிஜமாவே ஃபோர்ஸ் தேவைப்படற இடம், வேற யாரும் எடுத்து வேலை பண்ணாத உங்க சொந்த பிராஞ்சை ரீபேஸ் பண்ண பிறகு. அப்பவும் ஃபோர்ஸ் வித் லீஸ் போடுங்க. சர்வர் பிராஞ்ச் உங்க ஆரிஜின் குறிப்புல இருக்கிற அதே கமிட்ல இருந்தாத்தான் அது ஏத்தும். ஆனா எடிட்டர் பின்னாடி தானா ஃபெட்ச் பண்ணிட்டிருந்தா குறிப்பும் புதுசாயிடும், நீங்க பார்க்காத கமிட் மேலயே ஏத்திடும். அந்த ஆட்டோ ஃபெட்ச்சை நிறுத்தி வைங்க. புஷ் ஆன ஒரு கமிட்டை வேண்டாம்னு நினைச்சா ரீசெட் பக்கம் போகாம கிட் ரிவெர்ட் போடுங்க, எதிர் மாற்றமா ஒரு புது கமிட் வரும், யாருக்கும் இடிக்காது.

கடைசியா, நெட்டே இல்லாத நாளுக்கு ஒரு வழி இருக்கு. நண்பர் மலையிலேர்ந்து பஸ்ல இறங்கி வர்றார்னா ஃபோல்டரை ஜிப் பண்ணிக் கொண்டுவர வேண்டியதில்லை. கிட் பண்டில் கிரியேட், ஒரு ஃபைல் பேர், அப்புறம் ஆரிஜின் ஸ்லாஷ் மெயின், ரெண்டு புள்ளி, மெயின். அவர் இன்னும் புஷ் பண்ணாத கமிட்டுகள் மட்டும் ஒரே ஃபைலா வரும், பென்டிரைவ்ல போட்டுக்கலாம். நீங்க உங்க ரெப்போவுக்குள்ள நின்னு கிட் பண்டில் வெரிஃபை அடிங்க. அது எந்தக் கமிட்ல இருந்து ஆரம்பிக்குதோ அது உங்ககிட்ட இருக்கான்னு சொல்லும். இருந்தா கிட் ஃபெட்ச், அந்த ஃபைல் பேர், மெயின், முக்காற்புள்ளி, ஏற்காடு. ஏற்காடுன்னு ஒரு பிராஞ்ச்ல அவர் வேலை அப்படியே வந்து நிக்கும், ஹேஷ்கூட மாறாது. அதை உங்க மெயின்ல மெர்ஜ் பண்ணி புஷ் பண்ணிடுங்க. இந்த இடத்துல மட்டும் ரீபேஸ் பண்ணாதீங்க, ஹேஷ் மாறிட்டா அவர் மேல போய் ஃபெட்ச் அடிக்கறப்ப தன்னோட கமிட்டையே அடையாளம் தெரியாது. மெர்ஜ்னா, அவர் புதுசா எதுவும் கமிட் பண்ணாத வரைக்கும், மேல போய் நெட் வந்ததும் ஒரு புல், கான்ஃப்ளிக்ட் இல்லாம முன்னாடி நகர்ந்துடும்.