கடைசி ஆள் வந்துவிட்டாரா?

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலையில் மண்டாய் ரோடு, சாங்கி கோஸ்ட் ரோடு பக்கம் குழுவாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இங்கே பல பேர் இருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் 2022 ஜனவரி 1 முதல் சாலையில் ஒரு குழு 5 சைக்கிள் நீளத்தைத் தாண்டக்கூடாது. ஒருவர் பின் ஒருவராகப் போனால் 5 பேர், இருவர் இருவராகப் போனால் 10 பேர். ஒரே தடம் உள்ள சாலையிலும், பேருந்துத் தடத்தில் அது இயங்கும் நேரத்திலும் இணையாக ஓட்டக்கூடாது. இரண்டு குழுக்களுக்கு நடுவே இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி, சுமாராக 30 மீட்டர், விடச் சொல்கிறது நிலப் போக்குவரத்து ஆணையம். சட்டத்தை மீறினால் 150 வெள்ளி அபராதம்.

அபராதத்தை விடுங்கள், அந்த 30 மீட்டர் எதற்கு என்று பாருங்கள். விடியற்காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வரும் ஒரு லாரி நம்மைத் தாண்டுகிறது, நாம் இருபது பேர் ஒரே வாலாக நீண்டு கிடக்கிறோம், பாதி தாண்டும்போது அடுத்த தடத்தில் வண்டி நிற்கிறது என்றால் லாரி டிரைவர் எங்கே ஒதுங்குவார்? நமக்கும் அவருக்கும் நடுவே 1.5 மீட்டராவது விடும்படி அவருக்கும் வழிகாட்டுதல் இருக்கிறது. அதை அவர் கடைப்பிடிக்க நாம்தான் இடம் வைக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை சிக்னல். ஒருநாள் நான் கடைசியில் ஓட்டினேன். பச்சையில் முன்னால் இருந்தவர்கள் போய்விட்டார்கள், விளக்கு மாறிவிட்டது, எனக்கு முன்னே இருந்த அக்கா, அன்றுதான் புதிதாக வந்தவர், நிற்காமல் வேகமாக மிதித்தார். குறுக்கே வந்த பஸ் டிரைவர் எப்படியோ பிரேக் போட்டு நிறுத்தினார், எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏன்க்கா இப்படி என்று கேட்டேன். "விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயம் தம்பி" என்றார்.

தப்பு அவருடையது மட்டும் இல்லை. கிளம்பும் முன்பே, "சிவப்பு விழுந்தால் நில்லுங்கள், நாங்கள் அந்தப் பக்கம் காத்திருப்போம்" என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். சொன்னால் போதாது, முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைத்து, பஸ் ஸ்டாப்பை மறிக்காமல் ஓரமாக ஒதுங்கி, கடைசி ஆள் வந்துவிட்டாரா என்று உண்மையிலேயே திரும்பிப் பார்க்க வேண்டும். அப்புறம், குழி இருந்தால் கையைக் காட்டுங்கள், பின்னால் கார் வந்தால் கத்திச் சொல்லுங்கள். உங்கள் முதுகைத் தவிர வேறெதுவும் பின்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

சரி, இந்த ஞாயிறு புதிதாக வருகிறவர்கள் என்னோடு பின்னால் வாருங்கள். ஹெல்மெட் கட்டாயம். 7 மணிக்கு முன்பே கிளம்புகிறோம், அதனால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.