ட்ரெய்லர்ல யாராவது விளையாடுறாங்களா?

வணக்கம் நேயர்களே. வீடியோ கேம் ஷோகேஸ் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க, ரொம்ப சந்தோஷம், ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம் இது. ஜூன் மாசம் வந்தா லாஸ் ஏஞ்சல்ஸ்ல பெரிய கம்பெனிங்க எல்லாம் புது கேம் காட்டுவாங்க, அங்க காலைல பத்து மணின்னா நமக்கு ராத்திரி பத்தரை, வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு பாக்குற பசங்க இங்கயும் நிறைய பேர். முன்னாடி ஈ3ன்னு ஒரு பெரிய விழா இருந்துச்சு, 1995ல ஆரம்பிச்சது, 2023 டிசம்பர்ல இனிமே கிடையாதுன்னு முடிச்சுட்டாங்க. இப்போ சம்மர் கேம் ஃபெஸ்ட், எக்ஸ்பாக்ஸ் ஷோகேஸ்னு தனித்தனியா நடக்குது. ஆனா அன்னைக்கு ராத்திரி ஆசையா பாத்துட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு காசு கொடுத்து வாங்கி மனசு விட்டுப் போறது மட்டும் அப்படியே தான் இருக்கு.

அதுக்கு நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான். ட்ரெய்லர் ஓடும்போது கேளுங்க, இதை யாராவது விளையாடுறாங்களா? கேமரா லேசா தடுமாறுதா, குறி தப்புதா, ஸ்க்ரீன் ஓரத்துல உயிர் எவ்ளோ குண்டு எவ்ளோன்னு தெரியுதா? எதுவுமே இல்லாம எல்லா ஷாட்டும் அம்சமா வந்து விழுந்துச்சுன்னா நீங்க பாக்குறது ஒரு குட்டிப் படம், அவ்ளோதான். 2005ல சோனி காட்டின கில்ஸோன் 2 அப்படித்தான், கேம்ல இருந்து எடுக்காம கம்ப்யூட்டர்ல தனியா செஞ்ச வீடியோ, கேம் கைக்கு வந்தது 2009ல. வந்த கேம் நல்ல கேம் தான், அதையும் சொல்லிடணும், ஆனா நாலு வருஷம் ஜனங்க அந்த வீடியோவையே பிடிச்சு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க.

இதுல ஆன்தம் கதைய கொஞ்சம் விரிவா சொல்லியாகணும். 2017 ஈ3, மைக்ரோசாஃப்ட் மேடை, பயோவேர் செஞ்ச கேம். ஒரு ஆள் இரும்புக் கவசம் மாட்டிக்கிட்டு பாறை விளிம்புல இருந்து குதிச்சு, அருவிய ஒட்டி அப்படியே பறந்து போறான், பாத்தவங்களுக்கு மெய்சிலிர்த்துப் போச்சு. 2019 பிப்ரவரில கேம் வந்துச்சு, பறக்குறது நிஜமாவே நல்லா இருந்துச்சு, மத்ததெல்லாம் காலி, திரும்பத் திரும்ப ஒரே வேலை, லோடிங், மறுபடி லோடிங். அப்புறம் ஏப்ரல்ல ஜேசன் ஷ்ரையர்னு ஒரு பத்திரிகையாளர் கொட்டாக்கு தளத்துல நீளமா ஒரு ரிப்போர்ட் எழுதினாரு, உள்ள வேலை பாத்தவங்ககிட்ட பேசி. படிச்சப்போ எனக்கு தூக்கமே வரல. அந்த டெமோவுல பெரும்பகுதி மேடைக்காக செஞ்சதாம். கேமோட பேரே அதுக்கு சில நாள் முன்னாடி வரைக்கும் 'பியாண்ட்', அந்தப் பேர்ல டிஷர்ட் கூட அடிச்சு வச்சிருந்திருக்காங்க, டிரேட்மார்க் சிக்கல்ல கடைசி நேரத்துல மாத்திட்டாங்க. இதைவிட கேளுங்க, அந்த கேம செஞ்சுக்கிட்டு இருந்தவங்கள்லயே சில பேருக்கு அந்த வீடியோவ பாத்தப்புறம் தான் ஓ, நாம செய்யப்போறது இதுதானான்னு புரிஞ்சிருக்கு! வருஷக்கணக்கா இழுத்த கேம், உண்மையான தயாரிப்பு கடைசி ஒன்றரை வருஷத்துக்குள்ள நடந்திருக்கு. ராத்திரி பகலா உழைச்சு உடம்பு கெட்டுப் போனவங்க அந்த டெவலப்பர்ஸ், அவங்க மேல எனக்குக் கோபமே இல்ல. சரிபண்றோம்னு ஆரம்பிச்ச வேலையையும் 2021ல நிறுத்திட்டாங்க, 2026 ஜனவரில சர்வரையும் மூடிட்டாங்க, இப்போ காசு கொடுத்து வாங்கினவங்களும் விளையாட முடியாது.

அதனால மறுபடி அதே கேள்வி, யாராவது விளையாடுறாங்களா? வெறும் லோகோ காட்டினா கேக்கவே வேண்டாம். மெட்ராய்டு பிரைம் 4, 2017ல லோகோ மட்டும் காட்டினாங்க, 2019ல முதல்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம்னு நின்டெண்டோவே சொன்னாங்க, கேம் வந்தது 2025 டிசம்பர்ல. எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6க்கு 2018ல ஒரு மலையக் காட்டினாங்க, ஒரு நிமிஷம் கூட இல்ல, அந்த மலையோட சரி.

ஆனா விளையாடிக் காட்டினாலும் முழுசா நம்பிட முடியாதுங்க. 2012ல வாட்ச் டாக்ஸ் காட்டினப்போ மழை, காத்து, வெளிச்சம் எல்லாம் அவ்ளோ அழகு, 2014ல வந்த கேம்ல அந்த அழகு குறைஞ்சு போச்சு. பெர்ஃபெக்ட் டார்க்குக்கு 2024 ஜூன்ல விளையாடுற வீடியோவே காட்டினாங்க, அடுத்த வருஷம் ஜூலைல கேமையே கேன்சல் பண்ணி ஸ்டூடியோவையும் மூடிட்டாங்க.

ப்ரீ ஆர்டர், அதான் கேம் வர்றதுக்கு முன்னாடியே காசு கட்டி வைக்கிறது, அதைப் பத்தி தனியா பேசணும்னு நினைச்சேன், இங்க ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம் கூட இல்லையாம். சுருக்கமா சொல்லிடறேன். ரிவ்யூ எந்த மெஷின்ல விளையாடி எழுதினதுன்னு பாருங்க. சைபர்பங்க் 2077க்கு 2020 டிசம்பர்ல ரிலீஸுக்கு முன்னாடி ரிவ்யூ பண்றவங்களுக்கு பிசி காப்பி தான் கொடுத்தாங்க, சோனியோட பழைய கேம் மெஷின் பிஎஸ்4ல எப்படி ஓடும்னு வாங்கினப்புறம் தான் தெரிஞ்சுது, ஒரு வாரம் கழிச்சு சோனி தன்னோட ஆன்லைன் கடையில இருந்தே அதைத் தூக்கிட்டாங்க. உங்ககிட்ட இருக்குற மெஷின்ல ஓடுற வீடியோ வர்ற வரைக்கும் காசு உங்க பையிலயே இருக்கட்டும். நன்றி, வணக்கம்.