சோடா பெட்டி போகிற வழி
(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, ஆறு மணிக் கூட்டத்துக்கு ஐந்தரைக்கே வந்து முதல் வரிசையில் அமர்ந்துவிட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்தக் கட்டடத்தைத் தன் வீடு போலக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மைக் செட் போட்டுத் தந்த தம்பி, சுண்டல் வரும் என்ற நம்பிக்கையில் காத்திருக்கும் நண்பர்களே, வணக்கம். சால்வைக்கு நன்றி. போன வருடம் போட்டதும் இதே நிறம்தான். ஜோடி சேர்ந்துவிட்டது, ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொள்கிறேன்.

மூன்று விஷயங்கள் பேசப்போகிறேன். ஒன்று, 'தி இன்டச்சபிள்ஸ்' என்ற பிரெஞ்சுப் படம். இரண்டு, அதன் மேல் சொல்லப்பட்ட குறைகள். மூன்று, அது தமிழுக்கு வந்த கதை.

2011இல் வந்த படம். ஒலிவியே நக்காஷ், எரிக் டொலெதானோ என்ற இருவர் சேர்ந்து இயக்கியது. பிரான்சில் மட்டும் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. உண்மைக் கதை. பிலிப் போஸோ டி போர்கோ என்ற பெரும் பணக்காரர் 1993இல் பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அல்ஜீரியாவில் பிறந்த அப்தெல் செலு. படத்தில் அந்தப் பாத்திரம் செனகல்காரனாக மாறிவிட்டது. நடித்தவர் ஓமர் சி. அந்த வருடத்தின் சிறந்த நடிகருக்கான பிரான்சின் சேசார் விருது அவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிய முதல் கறுப்பின நடிகர் அவர்தான்.

படத்தில் அவன் வேலை கேட்டு வரவே இல்லை. வேலை இல்லாதவர்களுக்கான உதவித்தொகை தொடர்ந்து கிடைக்க, 'இவனுக்கு வேலை இல்லை' என்று ஒரு கையெழுத்து வேண்டும், அதற்குத்தான் வருகிறான். சிறையிலிருந்து வந்தவன் ஆயிற்றே என்று நண்பர் எச்சரிக்கிறார். பிலிப் அசையவில்லை. இவன் என் மேல் இரக்கம் காட்டுவதில்லை, போனை என் கையில் நீட்டுகிறான், என் கை அசையாது என்பதையே மறந்துவிடுகிறான், அதனால்தான் இவன் வேண்டும் என்கிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று நம்மூரில் சொல்வோம். காய்ச்சல்காரனுக்கு நம் 'ஐயோ பாவம்' எவ்வளவு கசக்கும் என்பதும் அவனுக்குத்தான் தெரியும்.

எனக்குப் பிடித்த காட்சி வேறு. நாற்காலியோடு ஏற்றும் வேன் வாசலில் நிற்கிறது. பின்கதவைத் திறந்து குதிரையை ஏற்றுவது போல உங்களை ஏற்ற மாட்டேன் என்கிறான். பக்கத்தில் சும்மா நிற்கும் மசராட்டி காரின் முன் இருக்கையில் தூக்கி உட்கார வைக்கிறான்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். 2016. இதே படம் கார்த்தி, நாகார்ஜுனா நடிப்பில் 'தோழா' என்று வந்தது. எனக்கு ஒரு சிநேகிதர். சுவர் விளம்பரம் எழுதுகிறவர், சாரம் சரிந்து விழுந்தபின் சக்கர நாற்காலி. படத்துக்குப் போகலாம் வாங்க என்று அழைத்துப் போனேன். தியேட்டர் வாசலில் பதினோரு படி. காவலாளி நல்ல மனுஷன். "பின்னாடி வழி இருக்கு சார், சோடா பெட்டி ஏத்துற வழி" என்றார். சிநேகிதர் சொன்னார்: "நான் டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கேன். சோடா பெட்டி எடுத்துச்சா?"

சரி, தூக்க வேண்டியதுதான். நாலு பேர் வேண்டும். மூன்று பேர் கிடைத்தோம். நாலாவதாகப் பப்ஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தவர் யார் தெரியுமா? என் பக்கத்து வீட்டுக்காரர். மதில் சுவர்த் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. நான் இடது முன்சக்கரம், அவர் வலது. "மெதுவா" என்றேன். "நான் மெதுவாத்தான் வர்றேன், நீங்கதான் இழுக்கிறீங்க" என்றார். "அந்தப் பக்கம் சாயுது." "சாயறது உங்க பக்கம்." ஏழாவது படியில் மேலே இருந்து குரல்: "மதில் சுவரைப் பேசி முடிச்சிட்டீங்கன்னா என்னை இறக்கி விடுங்கப்பா!" வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில்தான் வந்தேன்.

இடைவேளையில் டீ வாங்கிக்கொடுத்தேன். சிநேகிதர் தொடவில்லை. மத்தியானத்திலிருந்தே ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையாது என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு வந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை. தலைவலியும் காய்ச்சலும்...

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதே 2016இல் வந்தது. மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி போகக் கடல் வரைக்கும் மரப் பாதை திறந்தார்கள். முதல்முறை அலையில் கால் நனைத்தவர்களின் முகத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்தது. அப்புறம் சீர் செய்தார்கள். அதுவல்லவா அரசாங்கம்!

படத்தின் குறைகளைச் சொல்வதாகச் சொன்னேன். கறுப்பினத்தவனை வெள்ளைக்காரப் பணக்காரனைச் சிரிக்க வைக்கும் ஆளாக்கிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் கண்டித்தார்கள். அதில் நியாயம் உண்டு, தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயம். 'தீண்டத்தகாதவர்கள்' என்று பொருள்படும் தலைப்பு தமிழில் ஏன் 'தோழா' ஆனது என்பதும் அப்படித்தான். தலைவர் மணி பார்க்கிறார்.

அதனால் ஒன்று மட்டும். இந்த நூலகத்துக்கு ஐந்து படி, படிக்கு ஆறு அங்குலம், ஆக முப்பது அங்குலம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்ற கணக்கில் முப்பது அடியில் சாய்தளம் போதும். வேப்பமரம் வரை நாற்பது அடிக்குக் குறையாது, வரும்போது காலால் அளந்தேன். என் சிநேகிதர் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வாசலில் டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அளக்கிற டேப் என் பையில் இருக்கிறது. சுண்டல் சாப்பிட்டதும் தலைவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளட்டும், மறுமுனையை என் சிநேகிதர் பிடிப்பார்.