நடந்து முடிச்ச பிறகு பிபி ஏன் இறங்குது?

[திரையில்: கையில் சுற்றிய பிபி பட்டை. கருவியில் 142/90]

ஒருத்தர் நாற்காலியில உட்கார்ந்து பிபி பார்க்கிறார். 142-க்கு 90. எழுந்து போய் நாற்பது நிமிஷம் வேகமா நடக்கிறார். வந்து வேர்வை அடங்கி, மூச்சு சீரானதும் அதே நாற்காலியில திரும்பப் பார்க்கிறார். 136-க்கு 86. புதுசா எந்த மாத்திரையும் போடல.

இது உதாரணத்துக்குச் சொன்ன எண்தான். ஆனா பிபி அதிகமா இருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு தடவை நடந்தாலே சராசரியா 5-லிருந்து 7 புள்ளி வரைக்கும் இறங்கும். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் லியோனார்ட் ஹில் 1898-லயே இந்த இறக்கத்தைப் பதிவு பண்ணியிருக்கார்.

"இதயம் களைச்சுப் போச்சு, அதான் பிரஷர் குறையுது"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை.

[திரையில்: இதயம், அதிலிருந்து பிரியும் குழாய்கள்]

ரத்த அழுத்தத்தை ரெண்டு விஷயம் தீர்மானிக்குது. இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுது. அந்த ரத்தத்துக்குக் குழாய்கள் எவ்வளவு தடை கொடுக்குது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் தள்ளுறது நிமிஷத்துக்கு 5 லிட்டர் போல. நல்லா ஓடும்போது அது 15, 20 லிட்டர்னு ஏறும். அதனாலதான் ஓடும்போது பிபியோட மேல் எண் எகிறுது. நடந்து முடிச்சு அரை மணி நேரம் ஆன பிறகும், பெரும்பாலானவங்களுக்கு இதயம் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாவே ரத்தம் தள்ளிட்டு இருக்கும். அப்படின்னா பிபி கூடத்தானே இருக்கணும்? குறையுதே! அப்போ குழாய்களோட தடை அதைவிட அதிகமா விழுந்திருக்கணும். விஷயம் குழாய்லதான் இருக்கு.

[திரையில்: தொடைத் தசைக்குள் ஒரு சிறு தமனி, மிக அருகில்]

தொடைத் தசைக்குள்ள போய்ப் பார்ப்போம். முடியளவு தடிமன் கூட இல்லாத ஒரு குட்டித் தமனி. அதைச் சுத்தி வளையம் மாதிரி தசை. நரம்பு "இறுக்கு"ன்னு சொன்னா வளையம் இறுகும், குழாய் சுருங்கும். நடந்து முடிச்ச பிறகு இங்க ரெண்டு மாற்றம் நடக்குது.

முதல் மாற்றம், மூளையிலிருந்து வர்ற அந்த உத்தரவே குறைஞ்சுடுது. கழுத்துத் தமனியிலயும், இதயத்திலிருந்து கிளம்புற பெருந்தமனியிலயும் அழுத்தத்தைக் கண்காணிக்கிற உணரிகள் இருக்கு. பிரஷர் குறைஞ்சா அதுங்க உடனே மூளைக்குச் சேதி சொல்லும், மூளை குழாய்களை இறுக்கும். ஆனா உடற்பயிற்சிக்கு அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு மூளை தன்னோட அளவையே இறக்கி வச்சுக்குது. முன்ன "இது குறைச்சல்"னு பதறின அளவை இப்போ "சரி, இருக்கட்டும்"னு ஏத்துக்குது. கால் நரம்புல மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி அந்த உத்தரவுகளை நேரடியாவே பதிவு பண்ணிப் பார்த்திருக்காங்க. பயிற்சிக்கு அப்புறம் அது குறைஞ்சிருந்துச்சு.

ரெண்டாவது மாற்றம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. வர்ற உத்தரவுக்கும் குழாய் முழுசா இறுகறதில்லை. முதல்ல எல்லாரும் சந்தேகப்பட்டது நைட்ரிக் ஆக்சைடை. குழாயை விரிக்கிறதுல பேர் போனது அதுதான். அதைத் தடுத்துப் பார்த்தாங்க, அப்பவும் பிபி இறங்கத்தான் செஞ்சது. கடைசியில சிக்கினது ஹிஸ்டமின். ஆமா, தும்மலும் அரிப்பும் வரவைக்கிற அதே ஹிஸ்டமின்தான். உழைச்ச தசைக்குள்ளயே அது சுரந்து குழாய்களை விரிச்சு வைக்குது. அது வந்து ஒட்டிக்கிற ரெண்டு வகை ஏற்பிகளையும் மருந்தால அடைச்சப்போ, பிபி இறக்கம் பெருமளவு குறைஞ்சுபோச்சு. அந்த ஆய்வுகள்ல கொடுத்தது வழக்கத்தைவிடப் பெரிய டோஸ். அதனால இதைக் கேட்டுட்டு, ஹிஸ்டமினைத் தடுக்கிற அலர்ஜி மாத்திரையை நிறுத்திடாதீங்க.

[திரையில்: ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென நிற்கிறார்]

குழாய் இப்படி விரிஞ்சு கிடக்கிறதுல ஒரு ஆபத்தும் இருக்கு. ஓடும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு எட்டுக்கும் ரத்தத்தைப் பிழிஞ்சு மேல அனுப்பிட்டு இருக்கும். சட்டுனு நின்னா அந்த பம்ப் நின்னுடும், ரத்தம் கால்லயே தங்கும், கண்ணு இருட்டிக்கிட்டு வரும். அதனால கடைசி அஞ்சு பத்து நிமிஷம் மெதுவா நடந்து முடிங்க. தலை சுத்துச்சுன்னா உடனே உட்காருங்க, முடிஞ்சா படுத்துக்கிட்டுக் காலை உயர்த்தி வைங்க. பிபி மாத்திரை சாப்பிடுறவங்க இதுல கூடுதல் கவனமா இருக்கணும்.

சரி, இறங்கின பிபி எவ்வளவு நேரம் நிக்கும்? பல மணி நேரம். சிலருக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வரைக்கும். அப்புறம் பழைய இடத்துக்கே ஏறிடும். இன்னைக்கு நடந்ததோட பலன் நாளான்னைக்கு வரைக்கும் வராது. "வாரத்துல பெரும்பாலான நாள் நடங்க"ன்னு டாக்டர்கள் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். விடாம சில வாரம், சில மாசம் நடந்தா நடக்காத நேரத்திலயும் பிபி குறைவா நிக்க ஆரம்பிக்கும். ஆரம்பத்துல பிபி எவ்வளவு அதிகமோ, இறக்கமும் பொதுவா அவ்வளவு அதிகம்.

[திரையில்: ஒரு நோட்டு, இரண்டு பத்திகள்: "முன்", "பின்"]

நீங்களே பார்க்கணும்னா, நடந்து வந்த வேகத்துல பட்டையைச் சுத்தாதீங்க, அந்த எண் எதுக்கும் உதவாது. அரை மணி நேரம் விடுங்க. கடைசி அஞ்சு நிமிஷம் பேசாம, சாய்ஞ்சு உட்கார்ந்து, கையை இதய உயரத்துல வச்சு எடுங்க. நடக்குறதுக்கு முன்னயும் இதே மாதிரி எடுத்து, ரெண்டையும் ஒரு வாரம் எழுதி வைங்க. அந்த நோட்டோட டாக்டரைப் பாருங்க. மாத்திரையைக் குறைக்கலாமா வேண்டாமான்னு அவர்தான் சொல்லணும்.